பாதியில் நின்ற கேமைக் கட்டி முடிக்கலாமே!

(நமது கம்யூனிட்டி ஹாலில் மாதந்தோறும் நடக்கும் ஞாயிறு மாலைப் பேச்சில், 'நான் வாதாட விரும்பும் ஒரு விஷயம்' என்ற தலைப்பில் 'சி' பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



 போன மாதம் 'ஏ' பிளாக் டாக்டர் சார் முழங்கால் வலியைப் பற்றிப் பேசினார். அதற்கு முந்தைய மாதம் மாடித்தோட்டம். இந்த மாதம் வீடியோ கேம் என்று நோட்டீஸ் போர்டில் பார்த்துவிட்டு, லிஃப்டில் ஒரு பெரியவர் என்னைக் கேட்டார்: "ஏம்ப்பா, இதுக்கெல்லாம் ஒரு பேச்சா?" நியாயமான கேள்வி. அவரும் வந்திருக்கிறார். இருபது நிமிடம் பொறுத்துக்கொண்டு கேளுங்கள் ஐயா. முடிவில் அப்போதும் அதே கேள்வி இருந்தால், அடுத்த மாதச் சுண்டல் செலவு என்னுடையது.

நான் சொல்ல வந்தது ஒரே விஷயம்தான். 1998-ல் ஜப்பானில் 'ஜீனோகியர்ஸ்' என்று ஓர் அறிவியல் புனைகதை கேம் வந்தது. அதன் முதல் பாதியை உலகமே கொண்டாடியது. இரண்டாம் பாதிக்கு இன்று வரை சண்டை நடக்கிறது. அந்த கேமை இன்றைய தொழில்நுட்பத்தில் மறுபடி செய்ய வேண்டும், அதாவது ரீமேக் செய்ய வேண்டும் என்பது என் கட்சி.

முதலில் எனக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று சொல்லிவிடுகிறேன்.

நான் ஒன்பதாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில், சிங்கப்பூரில் வேலை பார்த்த சித்தப்பா ஒரு பழைய பிளேஸ்டேஷன் கொண்டுவந்து கொடுத்தார். அசல் கேம் வாங்கும் வசதி எங்கள் வீட்டில் இல்லை. கடைத்தெருவில் நகல் சிடி விற்பார்கள். பிளாஸ்டிக் உறையில் ஜெராக்ஸ் எடுத்த அட்டை இருக்கும். அது தப்பு என்று இப்போது தெரிகிறது, அப்போது தெரியாது. அறுபது ரூபாய்க்கு இரண்டு சிடி கொண்ட ஒரு கேம் வாங்கினேன். இரண்டு சிடி என்றால் லாபம் என்பதுதான் என் கணக்கு. அதுதான் ஜீனோகியர்ஸ்.

பக்கத்தில் ஆங்கில அகராதியை வைத்துக்கொண்டு விளையாடினேன். முதல் சிடியை முடிக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. ராத்திரி தூக்கத்தில்கூட அந்தக் கதைதான். இரண்டாவது சிடியைப் போட்டேன். திரை இருட்டாகிறது. கதாநாயகன் ஒரு மர நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். நடந்ததைச் சொல்ல ஆரம்பிக்கிறான். எழுத்து வருகிறது, இன்னும் வருகிறது, வந்துகொண்டே இருக்கிறது. "அதன் பிறகு நாங்கள் அங்கே போனோம், இது நடந்தது" என்கிற மாதிரி. நான் போகவில்லையே! என்னை யாரும் கூட்டிக்கொண்டு போகவில்லையே! நடுவில் திடீரென்று ஒரு சண்டை வரும். முடிந்ததும் மறுபடி நாற்காலி.

நகல் எடுத்தவன் ஏமாற்றிவிட்டான் என்று நினைத்தேன். சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். "அண்ணே, ரெண்டாவது சிடியில பாதி கேமைக் காணோம்." அவர் வேறு நகல் கொடுத்தார். அதிலும் அதே நாற்காலி. மறுபடி போனேன். இன்னொன்று கொடுத்தார். மூன்றாவது தடவை போனபோது அவர் அறுபது ரூபாயைக் கையில் திணித்து, "தம்பி, ஆளை விடு சாமி" என்றார்.

கல்லூரி முடித்து வேலைக்குப் போன பிறகுதான் உண்மை தெரிந்தது. கடைக்காரர் மேல் தப்பே இல்லை. அந்த கேமைச் செய்தவர்களே அப்படித்தான் வெளியிட்டிருக்கிறார்கள். அவரிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்றால் இப்போது அந்தக் கடையே இல்லை.

ஏன் அப்படி வெளியிட்டார்கள்? அதைச் சொல்வதற்கு முன், கேம் எப்படிப்பட்டது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும்.

ஸ்கொயர் என்ற ஜப்பானிய நிறுவனம், 'ஃபைனல் ஃபேன்டசி' என்ற புகழ்பெற்ற வரிசையைச் செய்தவர்கள். அங்கே கிராபிக்ஸ் வேலை பார்த்த டெட்சுயா தகஹாஷியும் அவர் மனைவி கவோரி தனாகாவும் சேர்ந்து ஒரு கதை எழுதினார்கள். 'ஃபைனல் ஃபேன்டசி 7'-க்கு இதை வைத்துக்கொள்ளலாமா என்று கொடுத்தார்கள். இருட்டும் சிக்கலும் அதிகம், அந்த வரிசைக்கு ஒத்துவராது என்று மறுத்தார்கள். ஆனால் குப்பையில் போடவில்லை. தனியாக ஒரு கேமாகச் செய்யச் சொன்னார்கள். தகஹாஷி இயக்குநர் ஆனார். யசுனோரி மிட்சுடா இசை அமைத்தார். 1998 பிப்ரவரியில் ஜப்பானிலும், அக்டோபரில் அமெரிக்காவிலும் வெளிவந்தது. ஐரோப்பாவுக்கு அது அதிகாரபூர்வமாக வரவே இல்லை.

கதை என்ன? லஹான் என்று ஒரு சின்னக் கிராமம். அங்கே ஃபே என்ற இளைஞன் படம் வரைந்துகொண்டு இருக்கிறான். மூன்று வருடத்துக்கு முன்னால் அடிபட்ட நிலையில் யாரோ அவனை அங்கே கொண்டுவந்து விட்டார்கள். அதற்கு முந்தைய நினைவு எதுவும் இல்லை. நண்பனுக்கு மறுநாள் கல்யாணம். அன்று ராத்திரி, சண்டை போட்டுக்கொண்டிருந்த ராட்சத இயந்திரங்கள் ஊருக்குள் வந்து விழுகின்றன. அந்த இயந்திரங்களுக்கு 'கியர்' என்று பெயர். உள்ளே மனிதன் உட்கார்ந்து ஓட்டுவது. ஊரைக் காப்பாற்ற ஃபே காலியாகக் கிடந்த ஒரு கியரில் ஏறுகிறான். கடைசியில் ஊரே அவன் கையால் அழிகிறது. கல்யாணம் ஆக வேண்டிய இருவரும் அதில் போய்விடுகிறார்கள். மணப்பெண்ணின் தம்பி, சின்னப் பையன், அவனைப் பார்த்துக் கொலைகாரன் என்கிறான்.

இது கேமின் முதல் இரண்டு மணிநேரம். காப்பாற்றப் போனவன் ஏன் அழித்தான், அவன் உள்ளே இருப்பது யார் என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டு கதை பத்தாயிரம் வருடத்துக்குப் பின்னால் போகிறது. இரண்டு நாடுகள் நூற்றுக்கணக்கான வருடமாகச் சண்டை போடுகின்றன. இரண்டையும் மேலே வானத்தில் ஒளிந்திருக்கும் சொலாரிஸ் என்ற நாடு ஆட்டிவைக்கிறது. கீழே இருக்கும் மக்களை அவர்கள் 'ஆட்டுக்குட்டிகள்' என்றுதான் சொல்வார்கள். அந்த நாட்டு ராணுவத்தில் இருந்து வந்தவள் எல்லி. அவளும் ஃபேயும் சந்திப்பது இந்தப் பிறவியில் மட்டும் இல்லை என்பது போகப் போகத் தெரியும். ஓர் இடத்தில் பசிக்கு ஒரு தொழிற்சாலையில் இருந்த உணவை எடுத்துச் சாப்பிடுகிறார்கள். அது எதில் செய்தது என்று பிறகு தெரியவரும்போது, எனக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. அதனால் பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை: இது சின்னப் பிள்ளைகளுக்கான கேம் இல்லை.

சரி, இரண்டாவது சிடிக்கு வருவோம்.

தகஹாஷியிடம் இருந்த திட்டம் மிகப் பெரியது. கேம் முடியும்போது திரையில் இது 'ஐந்தாம் அத்தியாயம்' என்று வரும். மொத்தம் ஆறு அத்தியாயம் கொண்ட வரலாற்றில் இது ஒன்று மட்டும்தான். கையில் இருந்ததோ ஏறத்தாழ இரண்டு வருட அவகாசம். குழுவில் பலர் புதியவர்கள். முப்பரிமாணத்தில் கேம் செய்வது அப்போது எல்லோருக்குமே புதுசு. பின்னாளில் ஒரு நேர்காணலில் தகஹாஷியே இதை விளக்கினார். நினைத்தபடி முழுவதும் செய்ய நேரம் போதாது என்று தெரிந்ததும், முதல் சிடி முடியும் இடத்திலேயே கேமை நிறுத்திவிடலாம் என்ற பேச்சு வந்ததாம். அப்படி நிறுத்தினால் கதை அந்தரத்தில் நிற்கும். அவருக்கு அதில் மனம் ஒப்பவில்லை. அதனால் மீதிக் கதையைச் சுருக்கி, எழுத்தாகவும் படங்களாகவும் முக்கியமான சண்டைகளாகவும் கொடுத்து எப்படியாவது முடித்துவிடுகிறோம் என்று கேட்டு வாங்கினார். நாற்காலி அப்படி வந்ததுதான்.

இது நமக்குப் புரியாத விஷயம் இல்லை. ஃபிளாட் வாங்கிய எல்லோருமே பிரோஷர் பார்த்தவர்கள்தான். முதல் கட்டத்தைப் பிரமாதமாகக் கட்டிக் கொடுத்துவிட்டு, இரண்டாம் கட்டத்துக்குக் காலமும் காசும் தீர்ந்துபோய், "இங்கே நீச்சல் குளம் வரும், இங்கே தோட்டம் வரும்" என்று வரைபடத்தை மட்டும் கையில் கொடுத்தால் எப்படி இருக்கும்? ஜீனோகியர்ஸ் விஷயத்தில் ஒரு வித்தியாசம் உண்டு. வரைபடம் முழுதாக இருக்கிறது. அதே 1998-ல் 'பர்ஃபெக்ட் வொர்க்ஸ்' என்று ஒரு தடிமனான புத்தகம் ஜப்பானில் வெளியானது. அந்த உலகத்தின் காலவரிசை, நாடுகள், இயந்திரங்கள், விட்டுப்போன வரலாறு எல்லாம் அதில் இருக்கிறது. வரைந்தவரும் இருக்கிறார். அவர் 1966-ல் பிறந்தவர். காலம் யாருக்கும் நிற்காது.

இனி என் வாதங்கள்.

முதலாவது: எதை ரீமேக் செய்ய வேண்டும் என்பதில் தொழில் தலைகீழாக இருக்கிறது. ஏற்கெனவே நன்றாக இருந்த கேமைத்தான் மறுபடி மெருகேற்றுகிறார்கள். 'ஃபைனல் ஃபேன்டசி 7' 1997-ல் முழுமையாக வந்த கேம். அதற்கு 2020-ல் ஒரு ரீமேக், 2024-ல் அதன் அடுத்த பாகம். நானும் ரசித்துத்தான் விளையாடினேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். நன்றாக இருக்கும் வீட்டுக்குத் திரும்பத் திரும்பப் பெயின்ட் அடிக்கிறோம். கூரை போடாமல் நிற்கும் வீட்டை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ரீமேக் என்ற வசதியின் உண்மையான பயன், நேரம் போதாமல் கெட்டுப்போன நல்ல வேலைக்கு நேரம் கொடுப்பதுதான். ஜீனோகியர்ஸ் யோசனை இல்லாமல் தோற்கவில்லை. அதற்கு யோசனை நிறைய இருந்தது, நாள்தான் போதவில்லை.

இரண்டாவது: இதை விளையாட இன்று நேர்வழி கிட்டத்தட்ட இல்லை. அமெரிக்காவில் 2011-ல் பழைய பிளேஸ்டேஷன் 3-க்கான இணையக் கடையில் வந்தது. இன்றைய இயந்திரங்களுக்கு அதை யாரும் கொண்டுவரவில்லை. புத்தகத்துக்கு நூலகம் இருக்கிறது. பழைய படத்தை டிவியில் போடுவார்கள். கேம் மட்டும் இயந்திரத்தோடு சேர்ந்து செத்துப்போகிறது. அதே நேரம், இன்று ஸ்கொயர் எனிக்ஸ் என்று பெயர் மாறிய அந்த நிறுவனம், ஃபே ஓட்டும் கியரின் பொம்மையை விற்றது. 2018-ல் இருபதாம் ஆண்டு நிறைவுக்கு ஜப்பானில் இசைக் கச்சேரியும் நடத்தினார்கள். பொம்மை இருக்கிறது, பாட்டு இருக்கிறது, கேமைத்தான் காணோம். வாங்க ஆள் இல்லாமல் பொம்மை விற்பார்களா?

மூன்றாவது எனக்கு மிக முக்கியமானது. என் மகன் இப்போது பத்தாம் வகுப்பு. போன விடுமுறையில், என் பழைய சிடியைத் தூசி தட்டி அவனிடம் கொடுத்தேன். அவன் சுவாரசியமாகத்தான் ஆரம்பித்தான். லஹான் கிராமம் எரிந்த இடத்தில் வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். ஆனால் அந்தக் கால கேமில் எழுத்து ஒவ்வொன்றாக, மெதுவாக வரும், வேகப்படுத்த முடியாது. "அப்பா, இவங்க எல்லாம் ஏன் இவ்ளோ மெதுவா பேசுறாங்க?" என்றான். ஓர் உயரமான கோபுரத்தில் குதித்துக் குதித்து ஏற வேண்டிய கட்டம் வரும். குதிக்கும்போது நடுவில் எதிரி வந்துவிடும். சண்டை முடிந்து வரும்போது கால் தவறிக் கீழே விழுவோம். மறுபடி முதலில் இருந்து ஏற வேண்டும். அவன் ஐந்து தடவை விழுந்தான். கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு, "கதையை நீங்களே சொல்லிடுங்கப்பா" என்றான்.

நான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தேன். "அதன் பிறகு அவங்க அங்கே போனாங்க, இது நடந்தது..." கொஞ்ச நேரத்தில் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. இரண்டாவது சிடி எங்கள் வீட்டு ஹாலுக்கே வந்துவிட்டது. ஆனால் அவன் முகத்தைப் பார்த்தேன். எனக்கு அந்த வயதில் தூக்கத்தைக் கெடுத்த கதை, அவனுக்கு அப்பா சொல்லும் பழைய கதையாகப் போய்ச் சேர்ந்தது. அதுதான் என் வருத்தம்.

எதிர்வாதங்களும் உண்டு. அவற்றை மறைத்துப் பேசினால் நியாயம் இல்லை.

'அந்த நாற்காலிதான் அழகே' என்று சொல்லும் கூட்டம் ஒன்று இருக்கிறது. ஃபே தன்னைத் தானே அறியாதவன். அவன் இருட்டில் உட்கார்ந்து தன் வாழ்க்கையைத் தானே விசாரித்துக்கொள்வது கதைக்குப் பொருத்தம் என்பார்கள். சின்ன வயதில் எனக்குக் கோபம்தான் வந்தது. நாற்பது வயதை நெருங்கி மறுபடி விளையாடியபோது, அவர்கள் சொல்வதில் பாதி உண்மை என்று பட்டது. அந்த அமைதி வேறு எந்த கேமிலும் கிடைத்ததில்லை. அதனால் நாற்காலியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. ரீமேக்கில் ஒவ்வொரு பெரிய கட்டத்துக்கும் நடுவில் அவனோ எல்லியோ வந்து அங்கே உட்கார்ந்து பேசட்டும். ஐந்நூறு வருடத்துக்கு முன் வாழ்ந்த லக்கான், சோஃபியா என்ற இருவரின் கதை அந்த சிடியில்தான் வருகிறது. மொத்தக் கதைக்கும் அச்சாணி அது. அதை நாம் துண்டு துண்டாகத்தான் கேட்கிறோம். அந்த ஊரில் நடந்து, அந்த மனிதர்களோடு பேச விட வேண்டும். பேசும் நேரம் பேச்சாகவும், போகும் நேரம் பயணமாகவும் இருந்தால் இரண்டு கட்சிக்காரர்களும் சமாதானம் ஆகலாம்.

அடுத்தது மதம் சம்பந்தப்பட்டது. கடவுள் யார், மக்களின் நம்பிக்கையை யார் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று இந்தக் கதை நேரடியாகக் கேட்கிறது. அமெரிக்காவில் வெளியிடவே அப்போது ஸ்கொயர் தயங்கியதற்கு இதுவும் காரணம். இப்போது ரீமேக் செய்தால் யாருக்கும் வலிக்காதபடி அதை மழுப்பிவிடுவார்கள் என்பது ரசிகர்களின் பயம். எனக்கும் அந்தப் பயம் உண்டு. ஆனால் கதையைக் கடைசி வரை பார்த்தவர்களுக்குத் தெரியும்: அது நம்பிக்கையைக் கேலி செய்யவில்லை. அதிகாரத்துக்காக நம்பிக்கையை வளைப்பவர்களைத்தான் அது கோபித்துக்கொள்கிறது. அன்பும் சேவையும் கொண்ட நீசான் என்ற வழிபாட்டு இடமும் அதே கதையில்தான் வருகிறது. மழுப்பாமல் செய்வதாக இருந்தால் செய்யட்டும். இல்லாவிட்டால் தொடவே வேண்டாம்.

பிறகு உரிமைச் சிக்கல். கேம் ஸ்கொயர் எனிக்ஸ் கையில். தகஹாஷி 1999-லேயே வெளியே வந்து மோனோலித் சாஃப்ட் என்ற நிறுவனத்தைத் தொடங்கிவிட்டார். அது 2007-ல் இருந்து நின்டென்டோவின் கையில் இருக்கிறது. வரைபடம் ஒருவரிடம், வரைந்தவர் இன்னொருவரிடம். ஆனால் இது தீர்க்க முடியாத சிக்கல் இல்லை. 1996-ல் ஸ்கொயரும் நின்டென்டோவும் சேர்ந்து செய்த 'சூப்பர் மாரியோ ஆர்பிஜி'யின் ரீமேக்கை 2023-ல் நின்டென்டோ வெளியிட்டது. மனம் இருந்தால் இரண்டு வக்கீல்கள் ஒரு மேஜையில் உட்கார முடியும் என்பதற்கு அது சாட்சி.

கடைசியாகப் பணம். இதற்குத்தான் லிஃப்டில் கேட்ட பெரியவரும் தலையாட்டுவார். இத்தனை பெரிய கதையை இன்றைய சினிமாத் தரத்தில் செய்தால் செலவு மலை மாதிரி ஏறும். பிறகு மூன்று பாகமாக உடைத்து மூன்று தடவை காசு வாங்குவார்கள். வேண்டாம். ஸ்கொயர் எனிக்ஸே ஒரு வழி காட்டியிருக்கிறது. 'லைவ் எ லைவ்' என்று 1994-ல் ஜப்பானில் மட்டும் வந்த கேம். அதை 2022-ல் ரீமேக் செய்தார்கள். பழைய மாதிரி புள்ளிகளால் ஆன சின்ன மனித உருவங்கள், சுற்றிலும் முப்பரிமாண இடம், புது வெளிச்சம். அப்போதுதான் அது முதல் முறையாக ஜப்பானுக்கு வெளியே அதிகாரபூர்வமாகப் போனது. ஜீனோகியர்ஸ் ஏற்கெனவே அப்படிப்பட்ட கேம்தான்: முப்பரிமாண ஊர், இருபரிமாண மனிதர்கள். அதே வழியில், ஒரே பாகமாக, அளவான செலவில் செய்யலாம். பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்ற கேம் இது. கேட்பதற்கு ஆள் இல்லை என்று சொல்ல முடியாது.

என்னென்ன மாற வேண்டும், எதைத் தொடக் கூடாது என்று கேட்டால் என் பட்டியல் சின்னதுதான். எழுத்து வேகத்தை நம் கையில் கொடுங்கள். அந்தக் கோபுரத்தில் குதிக்கும்போது எதிரியை அனுப்பாதீர்கள். நினைத்த இடத்தில் சேமித்து வைக்க விடுங்கள். ஆங்கில மொழிபெயர்ப்பை மறுபடி செய்யுங்கள். அன்று அந்த மலை போன்ற வேலையில் பெரும்பகுதி ரிச்சர்ட் ஹனிவுட் என்ற ஒரு மனிதரின் தலையில் விழுந்தது, அவர் செய்ததே அதிசயம். மிட்சுடாவின் இசையைத் தொடாதீர்கள். கடைசியில் ஜோன் ஹாக் பாடும் பாட்டை அப்படியே விடுங்கள். மூன்று பட்டன்களை மாற்றி மாற்றி அழுத்தி அடிகளைக் கோக்கும் சண்டை முறையும், எரிபொருள் தீருமோ என்று பயந்துகொண்டே கியர் ஓட்டுவதும் இருக்கட்டும். மீதி உழைப்பு அத்தனையும் இரண்டாவது சிடிக்குப் போகட்டும்.

தகஹாஷி இதைச் செய்வாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர் வாழ்க்கையைப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. ஜீனோகியர்ஸுக்குப் பிறகு 'ஜீனோசாகா' என்று தொடங்கினார். ஆறு பாகத்துக்குத் திட்டம்; 2002 முதல் 2006-க்குள் மூன்றோடு முடிந்தது. இரண்டாவது தடவையும் அவர் வேலை குறுகியது. மனிதர் சோர்ந்துவிடவில்லை. 2010-ல் 'ஜீனோபிளேட்' செய்தார். அது முழுதாக முடிந்து, உலகம் முழுக்கப் பேர் வாங்கியது. பத்து வருடம் கழித்து 2020-ல் அதையே புதுப்பித்து, பின்கதையாக ஒரு பகுதியும் சேர்த்து வெளியிட்டார்கள். தன் பழைய வேலைக்குத் திரும்பப் போய் மேலும் ஒரு வரி எழுத அந்தக் குழுவுக்குத் தெரியும். அந்த வாய்ப்பு முதல் பிள்ளைக்கும் கிடைக்கட்டும் என்றுதான் கேட்கிறேன்.

பெரியவர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். இதற்கெல்லாம் ஒரு பேச்சா? ஐயா, நேரம் போதாமல் நாம் எல்லோருமே எதையோ சுருக்கி முடித்திருக்கிறோம். ஒருவர் படிப்பை, ஒருவர் வீட்டை, ஒருவர் எழுத நினைத்த புத்தகத்தை. மறுபடி ஒரு வாய்ப்பு நமக்குப் பெரும்பாலும் கிடைப்பதில்லை. ஒரு கேமுக்கு அது கிடைக்க வழி இருக்கிறது. வரைபடம் இருக்கிறது, வரைந்தவர் இருக்கிறார், காத்திருக்கும் ஆட்களும் இருக்கிறார்கள். அதனால்தான் பேசுகிறேன்.

அப்படி ஒரு நாள் அது வந்தால், நான் என் மகனுக்குக் கதை சொல்ல மாட்டேன். கன்ட்ரோலரை அவன் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டு பார்ப்பேன். இந்த முறை காசு கொடுத்து அசல்தான் வாங்குவேன்; அந்தக் கடைக்காரர் அண்ணனுக்கு நான் பட்ட கடனுக்கு அது ஒரு பரிகாரம்.

 சுண்டல் ஆறுவதற்குள் முடித்துக்கொள்கிறேன்.